அவர் மூடியதை நான் திறப்பதில்லை

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் தன் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குத் தலைசுற்றல் எப்படி, தங்கச்சிக்கு இருமல் நின்றதா, பையனும் மருமகளும் சுகமா என்று எழுதுங்கள். வழக்கம்போல நான் சொல்லச்சொல்ல எதிர்வீட்டுத் தையற்காரர்தான் எழுதுகிறார். போன கடிதத்தில் நான் உங்களைத் திட்டியதை எல்லாம் மரியாதையாக விட்டுவிட்டாராம். இந்த முறை முடிந்ததும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

தூங்குமூஞ்சி விஷயம். இறுகிப்போன பின்சக்கரத்து பிரேக் டிரம் கழன்றுவிட்டது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, தட்டித்தட்டிப் பார்த்தும் அசையாமல் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வந்துவிட்டது. நானும் பல் டாக்டரும் டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி மல்லாக்க விழுந்தோம். தன் காரைத் துடைப்பாரே தவிர ஓட்டமாட்டாரே, அந்த டாக்டர்தான். வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை என்ஜினுக்குப் பின்னால் விட்டுப் பார்த்து, “சொத்தை நிறைய இருக்கு, புடுங்கிடலாமா?” என்று கேட்டார்.

உடம்பு என் பாடு, உயிர் உங்கள் பாடு என்றுதானே நாம் பிரித்துக்கொண்டோம். பழைய இரும்புக் கடையிலிருந்து இந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்த அன்றைக்கே அது பேச்சு. மழை தூறிக்கொண்டிருந்தது, நீங்கள் பச்சைக் கட்டம் போட்ட சட்டை, இடது பக்கப் பொத்தான் ஒன்று இல்லை. முன்விளக்கு இரண்டும் பாதி இமை மூடின மாதிரி இருக்கிறதென்று பெயரும் நீங்கள்தான் வைத்தீர்கள். என் பங்கான தகரம், வெல்டிங், பெயிண்ட் எல்லாம் முடிந்தது. உங்கள் பக்கத்தில் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. டாக்டர் தான் திறந்து பார்ப்பதாகச் சொன்னார், கையைத் தட்டிவிட்டேன். நீங்கள் மூடியதை நான் திறப்பதில்லை, நான் மூடியதை நீங்கள் திறப்பதில்லை. முதல் வருஷம் சந்தேகப்பட்டு உங்கள் கியர்பெட்டியைத் திறந்துவிட்டு நான் பட்டது போதும். மழைக்காலம் முழுக்க நீங்கள் என் கொட்டகைப் பக்கமே வரவில்லை. தங்கச்சிதான் நடுவில் நின்று சமாதானம் செய்தாள்.

பையன் ஊரில் உங்கள் வைத்தியம் முடியட்டும். தூங்குமூஞ்சி ஓடியதும் நானே ஓட்டி வந்து உங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன்.

கீழே என் கைநாட்டு. கிரீஸ் படிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்


ஜனவரி 30

மச்சானுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. உங்கள் கைநாட்டில் கிரீஸ் வாசனை இருந்தது, கொஞ்ச நேரம் மூக்கருகே வைத்திருந்தேன். இவள் பார்த்துச் சிரித்தாள். இங்கே எல்லோரும் சுகம். நாலாவது மாடி. கீழே ரோட்டில் போகிற கார் எல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரிகிறது, எதுவும் சத்தமே போடுவதில்லை. எந்தக் காரில் எது தேய்ந்திருக்கிறதென்று காதால் கண்டுபிடிக்கிற சுகம் இல்லாத ஊர்.

கார்புரேட்டரை இங்கே அனுப்பிவிடுங்கள். டாக்டர் கையில் கொடுத்துவிடாதீர்கள், மரக்கவைக்கிற ஊசி போட்டுவிடுவார். பையன் வேலைக்குப் போனபின் பால்கனியில் உட்கார்ந்து சுத்தம் செய்து, மூடி அனுப்புகிறேன்.

பின்சக்கரத்து பிரேக் டிரம் இறுகிக் கிடந்ததே, அதற்கு எண்ணெய் ஊற்றி ஊறவையுங்கள். அவசரப்பட்டு அடிக்கவேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வெயிலில் அதிகம் அலையவேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 10

அண்ணனுக்குத் தங்கச்சி எழுதுவது.

என் இருமல் தேவலை. உங்கள் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இனி எனக்கு எழுதினால் கீழ்வீட்டு டீச்சர் பெயருக்கு அனுப்புங்கள்.

அவர் எழுதிய கடிதத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அக்காவுக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறார். அண்ணி போய் ஆறு வருஷம். முன்னால் நின்று தூக்கியதே இவர்தான். தலைசுற்றல் என்று உங்களிடம் நாங்கள் சொன்னது பாதிதான். மறதி வந்துவிட்டது அண்ணே. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குளிக்கப் போகிறார். கடைக்குப் போனால் திரும்ப வழி தெரியவில்லை. இது சரியாகாது, கூடத்தான் செய்யும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

பையன் கெட்டவன் இல்லை. ஆனால் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் சொல்லி வைத்திருக்கிறான். ஊருக்கே கூட்டிப்போய் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “அங்க போய் என்னம்மா செய்வாரு? நாள் முழுக்க உன் முகத்தைப் பாத்துட்டு உட்கார்ந்திருப்பாரா?” என்று கேட்டான். மாமாவின் கொட்டகை இருக்கிறது, கார் இருக்கிறது, அவர் கைக்கு வேலை இருக்கிறது என்றேன். “அந்தக் கார் ஓடட்டும், பாக்கலாம்” என்றான். கேலியாகத்தான் சொன்னான். நான் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் அந்தச் சாமானை அனுப்பிவையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவர் விரல் எதையோ திருகிக்கொண்டே இருக்கிறது. பார்க்க முடியவில்லை. நான் சொன்னதாக அவரிடம் எதுவும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

தங்கச்சி


மார்ச் 15

மச்சானுக்கு வணக்கம்.

சுகம். பார்சல் வந்தது. பழைய பனியனில் சுற்றி, அதற்கு மேல் சாக்குப் போட்டு, உங்கள் தையற்காரர் கோணி ஊசியால் தைத்த தையலைப் பிரிக்கவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. கோட்டு சூட்டு தைக்கிறவர் என்று நினைத்துவிட்டார் போல.

பால்கனியில் மண்ணெண்ணெய் வைத்துக் கழுவினேன். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பெட்ரோல் வருகிற பொடித் துளைக்குள் எறும்பு குடித்தனம் நடத்தியிருக்கிறது. பல் தேய்க்கும் பிரஷ்ஷிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி அத்தனை துளையையும் குத்தி எடுத்தேன். ஊதினால் புல்லாங்குழல் மாதிரி காற்றுப் போகிறது.

மச்சான், இவள் உங்களுக்குத் தனியாக எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும். கோபம் இல்லை. பையன் பெயர் சில காலையில் எனக்கு வருவதில்லை, அது நிஜம்தான். இந்த வீட்டில் எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வையும் தெரிகிறது. உப்பு எங்கே என்று கேட்டால்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆனால் இதைக் கையில் எடுத்தபோது விரலுக்கு எல்லாம் தெரிந்தது. யோசிக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்காரவைத்து மூடி ஸ்க்ரூவை இறுக்கினேன். இது மட்டும் எனக்கு நிச்சயம்.

மாட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஓடியதும் கிளம்பி வாருங்கள். பை தயாராக இருக்கிறது.

மாப்பிள்ளை


மார்ச் 26

அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இங்கே ஒரு மாதிரி நாள் போகிறது. பார்சல் அனுப்பிய பிறகு அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், பையனிடம் சிரித்துப் பேசுகிறார். பையனுக்கே ஆச்சரியம். ஊருக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம் என்று அவன் வாயாலேயே சொன்னான்.

ஒரு சின்ன விஷயம். துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளைத் துண்டு விழுந்தது. விரல் நகம் அளவுதான், ஒரு முனை கூராக ஊசி மாதிரி இருக்கிறது. கேட்டால் அவருக்கே தெரியவில்லை. அந்தச் சாமானில் உள்ளதோ, வேறு எதுவோ. கடித உறைக்குள் வைத்து அனுப்புகிறேன். தேவையில்லை என்றால் எறிந்துவிடுங்கள்.

தங்கச்சி


ஏப்ரல் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும்.

தூங்குமூஞ்சி ஓடியது. சாவியைத் திருப்பினேன், இரண்டு தரம் இருமியது, மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டது. நீங்கள் எப்போதும் சொல்வீர்களே, நல்ல என்ஜின் சத்தம் தையல் மிஷின் மாதிரி இருக்கவேண்டும் என்று, அப்படியே இருந்தது. எதிரே கடையில் இருந்த தையற்காரர் தன் மிஷினை யாரோ மிதிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாராம். டாக்டர் கைதட்டினார். உங்கள் கை கைதான் மாப்பிள்ளை.

இன்னும் சில்லறை வேலை பாக்கி. கொஞ்சம் பொறுங்கள். கையெல்லாம் பெயிண்ட், அதனால் இந்தக் கடிதத்தில் கைநாட்டு வைக்கவில்லை.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

டீச்சர் பெயருக்கு இதை அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு இன்று இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் கார் ஓடியது என்பதுவரை நிஜம்.

ஓடி, கொட்டகையை விட்டு வெளியே எடுக்கலாம் என்று கியர் போட்டேன். முன்மூடியின் இடுக்கு வழியாகப் புகை வந்தது. இறங்கி ஓடி மூடியைத் தூக்கினேன். தூக்கியிருக்கக் கூடாது. காற்றுப் பட்டதும் நெருப்பு மொத்தமாக எழும்பியது. டாக்டர் மண்ணை அள்ளிக் கொட்டினார், தையற்காரர் கடையில் இருந்த தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார். முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது. கொட்டகைக் கூரையில் பாதி இல்லை. என் இரண்டு கையிலும் கட்டு. வாழ்நாள் முழுக்க வெல்டிங் நெருப்போடு சம்பாதித்தவன், இந்த நெருப்புக்கு அறிமுகம் இல்லாமல் போய்விட்டேன்.

நீ அனுப்பிய பித்தளை மறுநாள் வந்தது. அது உள்ளே இருக்கவேண்டிய ஊசிதான் அம்மா. பெட்ரோல் நிறைந்ததும் உள்ளே ஒரு மிதவை எழும்பி இந்த ஊசியைத் தள்ளும், ஊசி போய் வழியை அடைக்கும். ஊசி இல்லாவிட்டால் அடைக்க ஆளில்லை. பெட்ரோல் வழிந்து சூடான குழாய்மேல் கொட்டியிருக்கிறது.

உன் மேல் ஒன்றும் இல்லை, தபால்மேலும் இல்லை. எனக்கு முன்பே தெரியும். கார்புரேட்டரைக் காதருகே வைத்து ஆட்டினால் இரண்டு சத்தம் கேட்கும். மிதவை ‘டொக்’ என்னும், ஊசி ‘டிக்’ என்னும். டிக் கேட்கவில்லை. திரும்பத்திரும்ப ஆட்டினேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு தரம் திறந்து பாத்துடலாமே, அவருக்கா தெரியப்போவுது?” என்றார்.

“அவரு மூடினது” என்றேன்.

வேறு யார் மூடியிருந்தாலும் திறந்திருப்பேன். அன்றைக்கு அதைத் திறந்திருந்தால் நீ எழுதியதெல்லாம் உண்மை என்று நானே போய்ச் சாட்சி சொன்ன மாதிரி. கை மட்டும் தப்பாது என்று அவர் நம்பினார். நானும் நம்பவேண்டியிருந்தது.

அவரிடம் சொல்லாதே. பையனிடம் நீ எது சொல்லவேண்டுமோ சொல்லிக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 28

அண்ணனுக்கு,

கையில் கட்டு பிரித்தாயிற்றா? மருந்து போட்டுவிட யார் வருகிறார்கள்? இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மீதியை எழுதவேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

கார் ஓடியது என்று நீங்கள் எழுதினீர்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் சவரம் செய்து, முழுக்கைச் சட்டை போட்டு, பையை எடுத்துக்கொண்டு கீழே போய் காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார். பாவம், காவல்காரர் நிற்கிறார். சாப்பிட மேலே வருவதில்லை. “மச்சான் வந்துட்டா ஹாரன் அடிச்சிட்டு நிப்பாரு, கிழவரைக் காக்க வைக்கக்கூடாது” என்கிறார். போன வாரம் ஏதோ பழைய கார் சத்தம் கேட்டு அதன் பின்னாலேயே நடந்திருக்கிறார். சாயங்காலம் பஸ் டிப்போவில் கண்டுபிடித்தார்கள். ஒரு காலில் செருப்பு இல்லை, முழங்கால் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் பையன் காரில் ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். புண்ணில் சீழ் வைக்கத் தொடங்கிவிட்டது.

கார் எரிந்ததைப் பையனிடம் சொன்னேன். மறுநாள் இல்லத்துக்குப் போய் இடம் உறுதி செய்துவிட்டு வந்தான்.

ஆசை காட்டியது நீங்கள், நீங்களே அதைக் கெடுக்கவேண்டும். கார் வராது என்று எழுதுங்கள். உங்கள் வார்த்தையைத் தவிர வேறு யார் வார்த்தையும் அவருக்கு ஏறாது. ஆனால் தன் கைதான் தப்புச் செய்தது என்று தெரியவேண்டாம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். அதுவும் போனால் விழுந்துவிடுவார் அண்ணே.

தங்கச்சி


மே 8

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். என் சுகத்தைக் கேட்காதீர்கள்.

தூங்குமூஞ்சி எரிந்துவிட்டது. அது வராது. பழைய இரும்புக்காரன் வந்து கட்டி இழுத்துப் போய்விட்டான். கீழே போய்க் காத்திருக்காதீர்கள்.

காரணம் நான். உங்கள் கார்புரேட்டரை நான் திறந்தேன். நீங்கள் சரியாகத்தான் மூடி அனுப்பியிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. உடம்பு சரியில்லாத மனிதர், எப்படி மூடினாரோ என்று நினைத்தேன். திறந்து ஊசியை எடுத்துப் பெஞ்சில் வைத்துப் பார்த்தேன். அதைத் திரும்பப் போடாமலே மூடி மாட்டிவிட்டேன். முதலில் ஓடியது, உங்களுக்குச் சந்தோஷமாக எழுதினேன். பிறகு எரிந்தது.

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. என் புத்திதான் கெட்டது. தங்கச்சி சொல்வதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மச்சான்


மே 20

நான் மூடியதை நீ திறந்தாய்.

உன் தகரத்தை நான் என்றைக்காவது தட்டிப் பார்த்திருப்பேனா? நீ அடித்த பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்திருப்பேனா? கியர்பெட்டியைத் திறந்தபோதே உன்னை விட்டிருக்கவேண்டும். இவள் அழுதாள் என்று வந்தேன்.

இந்த வீட்டில் எல்லோரும் நான் செய்ததை எனக்குப் பின்னால் ஒரு தடவை சரிபார்க்கிறார்கள். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்க்கிறார்கள், குழாயை மூடினால் திருகிப் பார்க்கிறார்கள். நீ ஒருத்தன் பார்க்கமாட்டாய் என்று இருந்தேன்.

எனக்கு எழுதாதே.


ஜூன் 15

அண்ணனுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அவரை இல்லத்தில் சேர்த்துவிட்டோம். பையன் காரிலேயே ஏறினார், எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. முழங்கால் புண் ஆறிவிட்டது. சின்ன அறை, இரண்டு கட்டில், ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். நான் தினமும் பஸ்ஸில் போய் மத்தியானம் வரைக்கும் இருக்கிறேன்.

என்னை ‘இந்தாம்மா’ என்கிறார். பையனை டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டுகிறார். ஆனால் உங்களைத் திட்டத் தொடங்கினால் ஒரு வார்த்தை தடுமாறுவதில்லை அண்ணே. நர்ஸை உட்காரவைத்து, “எனக்கு ஒரு மச்சான் இருக்கான்” என்று ஆரம்பித்து, இரும்புக்கடை, மழை, கியர்பெட்டி, பிரேக் டிரம், எல்லாம் வரிசையாக வருகிறது. உங்களுக்குத் தகரத்தில் இருந்த கைவேலைகூட வருகிறது, “வேலைக்காரன்தான், ஆனா துரோகி” என்கிறார். திட்டி முடித்ததும் பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

நேற்று எனக்குத் தாங்கவில்லை. அந்த நர்ஸ் உங்களைப் பற்றி ஏதோ ஒரு மாதிரி பேசினாள். நிஜம் என்ன என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவரிடமாவது சொல்லிவிடட்டுமா? இப்போது சொன்னாலும் அவர் மனதில் நிற்கப்போவதில்லை. நீங்கள் மட்டும் ஏன் இந்தக் கெட்டபெயரோடு இருக்கவேண்டும்?

தங்கச்சி


ஜூன் 27

தங்கச்சிக்கு,

என் கை ஆறிவிட்டது. விரல் முழுதாக மடங்கவில்லை. தம்ளரைப் பிடிக்கலாம், சுத்தியலைப் பிடிக்க முடியாது. பிடித்து அடிக்கவும் இங்கே எதுவும் இல்லை. கொட்டகையில் எண்ணெய்க் கறை மட்டும் கார் அளவுக்கு இருக்கிறது. டாக்டர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வாசலில் உட்கார்ந்து, தன் காரில் கேட்கிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டிவிட்டுப் போகிறார். என்ன கோளாறு என்று நான் சொல்கிறேன்.

மே மாதம் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது தையற்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “பொய்யின்னா ஒரு அளவு வேணாமா? நாளைக்கு உன்னை எதிரியாட்டம் பாப்பாருய்யா” என்றார். பார்க்கட்டும், எழுதும் என்றேன். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீ நினைக்கவேண்டாம்.

எதுவும் சொல்லாதே. அவரிடமும் சொல்லாதே, அந்த நர்ஸிடமும் சொல்லாதே. உன் பெயர் போய்விட்டது, பையன் முகம் போய்விட்டது என்கிறாய். என்மேல் இருக்கிற கோபம் ஒன்றுதான் அவரிடம் முழுசாக நிற்கிறது. அதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை அத்தனையும் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு நீ அவருக்கு எதைக் கொடுப்பாய்?

இனி எழுதும்போது அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று எழுது. என்னை என்னென்ன சொல்லித் திட்டினார் என்பதையும் விடாமல் எழுது. தையற்காரர் சில வார்த்தைகளைப் படிக்கக் கூசுவார், நான் படிக்க வைத்துக்கொள்கிறேன்.

என்றைக்காவது என்னைத் திட்டுவதை அவர் நிறுத்திவிட்டால், அன்றைக்கே எனக்கு எழுது.

அண்ணன்